நோவில்லாப் பகை



அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12இல் மூளையில் இரத்தம் பெருகி மாண்டார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190. அது பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்தது. ஆயினும், தலைவர் நலமாகவே உள்ளார் என்று அவருடைய வைத்தியர் நாட்டுக்குச் சொல்லி வந்தார். அதைத் தணிக்கத் தக்க மருந்தும் அந்நாளில் இல்லை.

மூன்று ஆண்டுகளின் பின், 1948இல், அந்நாட்டுப் பிராமிங்காம் நகரில் 5,209 ஆண் பெண்களை வைத்தியர்கள் ஆராயத் தொடங்கினர். நோய் வருமுன்னரே ஒவ்வொருவரையும் அளந்தெழுதி, பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்தத்திற் கொழுப்பு, புகைத்தல் ஆகியவையே மாரடைப்புக்கு வழிகோலுவன என்பது அங்கே புலனாயிற்று.

நியாயவாதியாகிய நான் ஒன்று சொல்வேன். முறைப்பாடு இல்லையேல் நீதிமன்றில் வழக்கில்லை. உடம்பின் நியாயம் அப்படியன்று. நோவு என்னும் முறைப்பாடு எழுமுன்னரே இரத்தக்குழாய் தடித்து ஒடுங்கிவிடும். மண்வெட்டி பிடிக்கும் கையென்று அது விலக்களிப்பதுமில்லை.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து இன்று நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாக வழங்கப்படுகின்றது. ஆகவே, கமக்காரரே, உத்தியோகத்தரே, நோவில்லாத நாளிலேயே அழுத்தத்தை அளந்து பாருங்கள். சுகமாயிருக்கிறதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயுவென்று இஞ்சி அவித்துக் குடித்துக் காத்திராதீர்கள். உடனே 1990 என்னும் இலக்கத்துக்குச் சொல்லி இலவச அம்புலன்சை வரவழையுங்கள். பிந்தும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மாள்கின்றது.