படிக்காமல் போட்ட கையெழுத்து

(பாலக்காட்டில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, வருவாய்த் துறையில் தேவிகுளத்திலும் சித்தூரிலுமாக 33 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முழுவதும் படித்துப் பார்க்காமல் ஒரு ஃபைலில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான், 74-வது வயதில், கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் ஏழு இடங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி பையில் இருந்தது. எடுத்துத் தரச் சொல்லக் கூச்சம். டாக்டர் விவரம் எல்லாவற்றையும் என் பிள்ளையை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். "அவன் பார்த்துப்பான்" என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். அதற்கு முன்பே, மூணாறில் பெண் ஆத்தில் இருந்தபோது அங்குள்ள டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டையும் சாப்பிட்டேன். கால் வீங்கியது, தலை சுற்றியது, பத்தாம் நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்தேன். எலும்பு முறியாதது பகவத் கிருபை. இரண்டு அட்டைகளையும் மருந்துக் கடைக்காரரிடம் காட்டியபோது, "சார், ரெண்டும் அம்லோடிபின்தான். கம்பெனிதான் வேற" என்றார். ரசாயனம் படித்த எனக்கு அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தினால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கியது. மருந்தை ஆரம்பிக்கும்போதும், இன்னொன்றைச் சேர்க்கும்போதும், நிறுத்தும்போதும் நோயாளியே கேள்வி கேட்க வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். பிள்ளை கேட்டால் போதும் என்று சொல்லவில்லை. எந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறது என்று தெரிந்தவர் நாம்தானே?

சட்டமும் அதையே சொல்கிறது. சமிரா கோஹ்லி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிப் பெரிய ஆபரேஷனே செய்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு திரும்பியதும் சம்மதம் தரக்கூடியவருக்குப் பதிலாகத் தாயார் தந்த சம்மதம் செல்லாது என்பது தீர்ப்பு. 44 வயதுப் பெண்ணுக்குத் தாயாரின் சம்மதம் போதாது என்றால், புத்தி தெளிவாக இருக்கும் 74 வயதுக்காரருக்குப் பிள்ளையின் சம்மதம் மட்டும் எப்படிப் போதும்?

நம் எல்லைப் பகுதிகளில் இன்னொரு சங்கடம் பாஷை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த எத்தனையோ பேருக்கு மலையாளமோ இங்கிலீஷோ படிக்கத் தெரியாது. பிள்ளைகளோடு இருக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பெரியவர்களும் அப்படியே. படிவத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனி, சொல்வதற்குக் கஷ்டமான ஒரு விஷயம். என் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவளிடம் மறைத்தது நாங்கள்தான், டாக்டர் அல்ல. ஒரு நாள் அவளே கேட்டாள்: "எல்லாரும் வெளியே போய்ப் போய்ப் பேசறேள். எனக்கு வந்த வியாதி எனக்கு மட்டும் தெரியப்படாதா?" பதில் சொல்ல எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரண சேவை, வீடு தேடிப் போகும் சேவையாகக் கேரளம் முழுதும் பரவியது. 2008-ல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் எங்கள் ஆத்துக்கு வந்த நர்ஸ் பெண், எங்களைத் தாண்டிப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அதுவரை நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. "வலி குறையணும். மறுபடி ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றாள் அக்கா. இரண்டும் நடந்தன. மூன்று மாதம் கழித்துத் தன் கட்டிலிலேயே போனாள்.

நினைவு தப்பிவிட்டால் யாரைக் கேட்பது? அதற்கும் வழி இருக்கிறது. உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 முதல் இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜடட் ஆபீசர் ஒருவரின் அத்தாட்சியும் போதும். பிள்ளை, பெண், மாட்டுப்பெண் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. டாக்டர்களுக்கு நேரம் குறைவு. சண்டை வேண்டாம், எழுதி வைத்த மூன்று கேள்விகள் போதும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களை அழைத்துப் போங்கள், பக்கத்தில் இருங்கள். ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அப்பாவிடமே சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தாருங்கள். படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறோம்.