அடுப்படிச் சாவி



நான் படித்தபோது எங்கள் கல்லூரியின் உண்மையான நூலகம் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைதான். உள்ளே நூலகத்தில் பாடநூலுக்கு ஒரே பிரதி; அதுவும் யார் கையிலோ இருக்கும். வாங்கலாமென்றால் ஒரு மாத மெஸ் பில்லை விழுங்கும் விலை. ஆகவே நகல். அட்டையைப் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்!

அதற்கும் வழக்கு வந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி நகலகத்தின் மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012இல் நீதிமன்றம் போயின. 2016இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் பின், 2017இல் பதிப்பகங்களே வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. ஐந்து வருடம், நாலு பக்க நகலுக்காக!

இந்தச் சண்டையே வேண்டாம் என்று சிலர் கதவைத் திறந்துவைத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் வைப்பதாக 2001இல் அறிவித்தது. நம் ஐ.ஐ.டி.க்கள் 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. வகுப்பில் கைதூக்கி "மறுபடி சொல்லுங்க ஐயா" என்று கேட்கக் கூசிய பிள்ளை, இன்று விடுதி மொட்டைமாடியில் அதே பாடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்க்கிறான். வாத்தியார் முறைப்பதில்லை!

ஆனால் ஒன்று. இலவசம் வேறு, திறந்த வளம் வேறு. இலவசம் பந்திச் சாப்பாடு. போட்டதைத் தின்றுவிட்டு எழ வேண்டும். திறந்த வளம் அடுப்படிச் சாவி. உப்பைக் கூட்டலாம், காரத்தைக் குறைக்கலாம், நம் வீட்டுப் பக்குவத்தில் சமைக்கலாம். பாரதியின் படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியதால் யார் வேண்டுமானாலும் அச்சிட முடிகிறது அல்லவா, அந்த உரிமை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் தன் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டத்தில் 2012இல் 'காலேஜ் பிசிக்ஸ்' நூலை இந்த உரிமையோடுதான் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மொழிபெயர்க்கலாம், திருத்தலாம். அனுமதிக் கடிதம் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, முதலாண்டில் ஆங்கிலப் புத்தகத்தின் முன் ஊமையாகும் பிள்ளைகளை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். அவர்களுக்கு இறக்கிப் பார்க்கும் வசதி மட்டும் போதாது. அந்தச் சாவியைத் தமிழில் யாராவது திருப்ப வேண்டும்.

அந்த நூலில் 34 அத்தியாயங்கள். இந்த அரங்கில் 34 பேருக்கு மேல் இருக்கிறோம். பேராசிரியர்களே, வருகிற கோடை விடுமுறைக்கு ஆளுக்கொரு அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலை மேடைக்குக் கீழே வைத்திருக்கிறேன். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.