பிரயாணமும் பொது விடுதியும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரயாணம் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டார். பிரயாணத்தில் இராத் தங்குமிடம் பற்றி நம்மிடையே உலவும் சில அபிப்பிராயங்களையே நான் எடுத்துக்கொள்கிறேன். வன்னியிலிருந்து ஒரு பிள்ளை கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போவதா விடுவதா என்பது பல வீடுகளில் இந்த ஒரு விஷயத்திலேயே தடைப்பட்டு நிற்கின்றது. "அங்கை ஆற்றை வீட்டிலை நிக்கப்போறாய்?" என்று தாய் கேட்பாள். வெள்ளவத்தையில் ஒரு மாமா இருந்தால் அவர் வீட்டு விறாந்தையில் நாலு பேர் நெருங்கிப் படுக்கலாம். மாமா இல்லையேல் பிரயாணமும் இல்லை.

முதற் குழப்பம் சொல்லிலேயே இருக்கின்றது. ஹொஸ்டல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட விடுதியும் அதன் மணியோசையுமே. பிரயாணிகளுக்கான ஹொஸ்டல் வேறு. ஓர் அறையில் ஆறு அல்லது எட்டுக் கட்டில்கள், பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அறைக்கன்றிக் கட்டிலுக்கே காசு. குளியலறை பொது. வேறு மர்மம் ஒன்றுமில்லை.

இது மேல்நாட்டுப் பழக்கமென்று சொல்வோர் பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடத்தை ஒருமுறை பார்த்துவர வேண்டும். தெருவின் இருபுறமும் திண்ணை, தெருவையே மூடிய கூரை. வழிப்போக்கர் யாரென்று தெரியாமலே அவருக்கு மடமும் கேணியும், சுமைக்குச் சுமைதாங்கியும், மாட்டுக்கு ஆவுரோஞ்சிக்கல்லும் வைத்தவர்கள் நம்மவர்கள். கதிர்காமத்தில் இராமகிருஷ்ண சங்கத்தார் நடத்திய மடத்தை, அது அரசாங்கத்தின் கைக்குப் போகுமுன் அங்கு தங்கிய முதியோர் இன்றும் நன்றியோடு பேசுவர். ஆயினும் பழைய மடங்களையெல்லாம் புகழ நான் ஆயத்தமில்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற சாதி பேதம் அவற்றிற் பலவற்றில் இருந்தது. கட்டிலுக்குக் காசு வாங்கும் விடுதிக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

காசில்லாதவன் போகுமிடம் என்பது இன்னொரு எண்ணம். ஜேர்மனியில் றிச்சார்ட் ஷிர்மான் என்றோர் ஆசிரியர் இருந்தார். 1909 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் தம் மாணாக்கருடன் கால்நடையாகச் சுற்றுலா சென்றபோது பெரும் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல்மீது இராத் தங்கினார். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிகளை இப்படி உபயோகித்தால் என்ன என்ற யோசனை அன்றிரவு அவருக்குத் தோன்றியது. 1912 இல் அல்ற்றெனா என்னும் ஊரின் கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அமைந்தது. அந்தப் பழைய கட்டில்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பெயர் இளைஞர் விடுதியானாலும், இன்று பல நாடுகளில் நரைத்த தலைகளும் அவற்றில் உறங்குகின்றன. இங்கிருக்கும் பெரியோர் தயங்கவேண்டியதில்லை.

பெண்பிள்ளைகள் அந்நியர் நடுவே தங்குவதெப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் பெண்கள் நம் வற்றாப்பளை அம்மன் கோயிலில் தங்கிப் போவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பக்கத்தில் படுப்பவர் எந்த ஊரவரென்று யாரும் விசாரிப்பதில்லை. அங்கே காவலாயிருப்பது பலர் கூடியிருப்பதே. பல ஹொஸ்டல்களில் பெண்களுக்கெனத் தனியறை உண்டு. பூட்டிய தனியறைதான் எப்பொழுதும் பாதுகாப்பு என்பது எனக்குச் சம்மதமில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான ஒரு பயம் நம்மிடம் இருக்கின்றது. 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், அங்கு நிற்பதற்குத் தக்க காரணமில்லையென்று சொல்லப்பட்டு, பஸ்வண்டிகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவரும் வேலை தேடியவரும் வெளிநாடு போகக் காத்திருந்தவரும் அவர்களில் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடுத்துக் கட்டளையிட்டது. அன்றைய பிரதம மந்திரியும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். எனினும் லொட்ஜில் நிற்பவன் சந்தேகத்துக்குரியவன் என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. அந்நாட்களைக் கண்ட தாயின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்று தவறு லொட்ஜில் தங்கியவர்களிடம் இருக்கவில்லை. அப்போது பாலகராயிருந்த இன்றைய இளைஞர், தாம் காணாத அந்த இரவுக்காக நேர்முகப் பரீட்சைகளை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே போகிறவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். உள்ளூராரை ஏற்காத விடுதிகளும் உண்டு, முன்கூட்டியே கேட்டறியுங்கள். அடையாள அட்டை கையோடு இருக்கட்டும். பெட்டகத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு பூட்டு நல்லது. இரவில் உரத்துப் பேசாதீர்கள். குறட்டைக்கு மருந்தில்லை, பஞ்சு கொண்டுபோங்கள். விடுதியின் தொலைபேசி இலக்கத்தை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர் எடுத்துக் கேட்டுக்கொள்ளட்டும்.