காட்டுக் கேப்டன்

ஒரு பறவையை உங்களுக்கு நிச்சயம் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியும். சினிமாவில் கதாநாயகன் அடர்ந்த காட்டுக்குள் கால் வைத்ததும், சாட்டையைச் சுழற்றினாற்போல் 'க்வீ... க்வீ... யோ' என்று ஒரு விசில் பாயுமே, அதுதான். பிஹா என்று பெயர். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் மூலைக்கு மூலை உண்டு.

எனக்கு இது அறிமுகமான கதை வேடிக்கையானது. வானொலி நாடகங்களுக்கு சவுண்ட் எஃபெக்ட் சேர்க்கிற வேலைக்கு வந்த புதிது. கொல்லிமலையில் நடக்கிற நாடகம். 'காடு' என்று எழுதியிருந்த டேப்பை எடுத்து ஓடவிட்டேன். பிரமாதம் என்றார்கள். நான்காம் நாள் பச்சை மையில் ஒரு கார்டு: "ஐயா, நான் மலையிலேயே பிறந்தவன். உங்கள் நாடகத்தில் கத்திய குருவி எங்கள் ஊரில் கிடையாது. எங்கே பிடித்தீர்கள்?" அந்தக் கார்டு இன்றைக்கும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மைனாவைவிடச் சற்றுப் பெரிது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆண்கள் ஆளுக்கொரு கிளை பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து பெண்களை அழைக்கும். 116 டெசிபல்! 2019-இல் வெள்ளை மணிப்பறவையை 125 என்று அளந்து சொல்லும்வரை, பறவைகளில் பெரிய தொண்டை இதற்குத்தான். பிரேசில்காரர்கள் 'காட்டுக் கேப்டன்' என்கிறார்கள். பொருத்தம்தானே?

அதே அமேசான் மரங்களில் இன்னொரு பிராணி, புசுவால் ஒபோசம். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். பெருவில் கிடைத்த ஒன்றை வைத்து 1912-இல் லண்டனில் விலங்கியல் அறிஞர் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் பெயர் சூட்டினார். உடம்பு ஒரு சாண் வராது. வால் அதைவிடக் கொஞ்சம் நீளம். ஒபோசம் என்றாலே பெரும்பாலும் மொட்டையான எலிவால்தான். இதற்கோ அணில்வால் போல அடர்ந்த ரோமம். கண்ணில் அப்பிய மை வழிந்தாற்போல் கறுப்புப் பட்டை. ராத்திரியில், உச்சிக்கிளையில் நடமாட்டம். பொலிவியா, பிரேசில், ஈக்வடார், கொலம்பியா என்று பல நாடுகளில் அகப்பட்டும், நேரில் பார்த்தவர்கள் சொற்பம். அரிய பிராணி என்கிறார்கள். நாம் தூங்குகிற நேரத்தில், நம் தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் திரிந்தால் எதுவும் அரிதுதான். இதன் குரல் என் டேப்புகள் எதிலும் இல்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டிவிட்டார்கள், நேரமாகிவிட்டது. அடுத்த தடவை சினிமாக் காட்டில் அந்த விசில் கேட்டால், கதை எந்த ஊரில் நடக்கிறதென்று பாருங்கள். தப்பென்றால், எடுத்தவர்களுக்குத் தாராளமாக ஒரு கார்டு போடுங்கள்.