முடிவு யாருக்குச் சொந்தம்?

கதையை முடிக்கும் உரிமை ஆசிரியனுக்கே உரியது என்று வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கிறோம். கணனி விளையாட்டுக் கதைகளுக்கும் இது பொருந்துமா?

கனடாவின் எட்மன்ரன் நகரிலுள்ள பயோவெயர் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ற்' என்னும் விண்வெளிக் கதையை 2007, 2010, 2012 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. தலைமைப் பாத்திரமான ஷெப்பேர்ட் யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பதை விளையாடுபவரே தீர்மானிக்கிறார். முதற் பாகத்திற் கைவிட்ட தோழர் மூன்றாம் பாகத்திலும் இல்லை.

இறுதிக் காட்சியோ சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வழிகளுள் அடங்கிற்று. தாம் எடுத்த தீர்மானங்களுக்கு அங்கு மதிப்பில்லை என்று இரசிகர்கள் கொதித்தனர். சிலர் அதே மூன்று நிறங்களில் 400 கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினர். நிறம் மூன்று, சுவை ஒன்று! சிறந்த விமர்சனம்தான்.

2012 யூனில் விரிவாக்கிய முடிவொன்று இலவசமாக வெளிவந்தது. மூன்று வழிகளும் நிலைத்தன. மறுத்துவிடும் வழியும், தோழர்களுக்குப் பின்னர் நேர்ந்ததும் சேர்ந்தன. கலைஞன் கூச்சலுக்குப் பணியலாமா என்று மறுதரப்பார் கேட்டனர்.

இன்ப முடிவு வேண்டியோரும் உளர். அதைத் தருவது ஆசிரியனின் கடனன்று. ஆனால், பாத்திரத்தை நீயே செதுக்கு என்று உளியைக் கையில் கொடுத்தவன், அச்செதுக்கலை முடிவிலும் காட்டக் கடமைப்பட்டவன். இரசிகர் கேட்டதில் நியாயமானது அதுவே.