யாருடைய பிள்ளைகள் விளையாடினார்கள்?



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டது பழைய அச்சோவியங்களில் வரும் குழந்தைகளை. சங்கரன்கோவிலில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

1657இல் பாரீசில் ழாக் ஸ்டெல்லா வரைந்த குழந்தை விளையாட்டுகள் அச்சுப் படங்களாக வந்தன. செப்புத் தகட்டில் செதுக்கியவர் அவருடைய சகோதரி மகள் க்ளோதீன். பம்பரம், ஊஞ்சல் என்று விளையாட்டு விளையாட்டாகப் போகிறது. செப்புத் தகட்டில் செதுக்கிய பள்ளம்தான் மையைப் பிடிக்கும். அந்த மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து கொழுத்த கைகால்களைத் திரட்டுகின்றன. பிள்ளைகள் முன்வரிசையில் பெரிதாக நிற்கிறார்கள்; கட்டடமும் மரமும் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. அழகுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பசியில்லை, வேலையில்லை.

இன்னொருவர் சித்தபிரசாத் (1915–1978). வங்கத்துக்காரர். சாதியைச் சொல்லும் பட்டப்பெயரைத் தூக்கி எறிந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிய அவருடைய புத்தகத்தை வெள்ளை அரசு கைப்பற்றி எரித்தது. பின்னாளில் உழைக்கும் குழந்தைகளை லினோலியத்தில் வெட்டினார். தேவதைக் கதை கேட்டறியாத தேவதைகள் என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். 1969இல் யூனிசெஃபின் டென்மார்க் கிளை அதைப் புத்தகமாக்கியது. லினோலியத்தில் வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. செப்புத் தகட்டுக்கு நேர் எதிர். அங்கே மென்கோடு, இங்கே கனத்த கறுப்பு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தெருவில் நாம் சேர்த்துவைத்து, பந்தயம் கட்டி விளையாடிய தீப்பெட்டிப் படங்கள் நினைவிருக்கிறதா? மயில், புலி, ரோஜா. அவையும் அச்சோவியங்களே. சிவகாசி அச்சகங்களில் அடித்தவை. அதே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் விடியுமுன் வந்த வண்டிகளில் ஏறிப்போன பிள்ளைகள்தாம் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். ஒரு பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான். இன்னொரு பிள்ளைக்குக் கூலிக் கணக்கு. 1986இல் சட்டம் வந்தது. அதற்குள் எத்தனையோ பேரின் பள்ளிக்கூடம் போய்விட்டது. அவர்களில் பலர் நம் தெருக்காரர்கள்.

அவர்களும் விளையாடினார்கள். வேலை முடிந்த இருட்டில் பாண்டியும் கிட்டிப்புள்ளும் ஆடினார்கள். அதை எந்த லேபிளும் காட்டவில்லை.

மாணவர்களே, ஒரு லினோலியத் துண்டும் ஒரு வெட்டுக்கத்தியும் பெரிய செலவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கள்: சின்ன வயதில் என்ன விளையாடினாய், எந்த நேரத்தில்? அவர் சொல்வதை வெட்டுங்கள். வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்பதை அவர் பதிலே சொல்லிவிடும்.