நலமான குஞ்சின் எச்சத்தை யார் எழுதுவது?



அழைப்பிதழில் காடைக் குஞ்சின் எச்சம் என்ற பொருளைப் பார்த்த சிலர், தலைமை உரையை மதியச் சாப்பாட்டுக்கு வெகு முன்னதாகவே முடித்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். முயல்கிறேன்.

ஜப்பானியக் காடை நம் நாட்டுக்குப் புதியது. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து இஜத்நகருக்கு வந்தது. பிறகு நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே நாமக்கல் காடை-1 என்ற இனத்தை உருவாக்கித் தந்தது. பொரிக்கும்போது எட்டு கிராம் அளவே இருக்கும் குஞ்சு ஐந்தாவது வாரத்தில் 200 கிராமை நெருங்குகிறது. இந்த வேகத்தில் வளரும் உடம்பில் குடலில் ஒரு நாள் ஏற்படும் கோளாறு சிறிய கோளாறு அல்ல. தீனி உள்ளே போன சில மணி நேரத்தில் எச்சமாக வெளியே வந்துவிடுவதால், நேற்றிரவு நடந்ததை இன்று காலையே பார்த்துவிடலாம். குஞ்சைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை, ஊசி போட வேண்டியதில்லை, செலவும் இல்லை.

இவ்வளவு வசதி இருந்தும் நாம் அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. நம் பாடநூல்களில் நோயுற்ற எச்சத்துக்கு நிறம் நிறமாக விளக்கம் உண்டு. நலமான காடைக் குஞ்சின் எச்சம் முதல் நாளில் எப்படி இருக்கும், பத்தாம் நாளில் எப்படி மாறும், தீனியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வரிகூடக் கிடைப்பது அரிது. இயல்பு தெரியாதவருக்கு எல்லாமே நோயாகத்தான் தெரியும்.

நல்ல எச்சம் பழுப்பு நிறத்தில், வடிவம் குலையாமல், மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அந்த வெள்ளை யூரிக் அமிலம். பறவைக்குத் தனியே சிறுநீர் கிடையாது என்பதால் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. வெள்ளையைக் கண்டதும் வெள்ளைக்கழிச்சல் என்று பதறுவோர் இந்த ஒன்றை மனத்தில் வைத்தாலே பாதி மருந்துச் செலவு மிச்சம்.

அடுத்த பதற்றம் குருட்டுக்குடல் எச்சத்தால் வருவது. இரு குருட்டுக்குடல்களும் நாளில் சில முறை தனியே காலியாகும். அப்போது விழுவது கரும்பழுப்பாக, பசைபோல, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு இருக்கும். இது குடல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இதைக் கழிச்சல் என்று எண்ணி, அன்றே தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் பார்க்கும் வேளையில் எச்சத் தட்டில் அப்படி எதுவும் தென்படாவிட்டால் மருந்து கேட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். மருந்து இல்லாமலும் அப்படித்தான் இருந்திருக்கும். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் தரக் கூடாதென்று 2019இல் மத்திய அரசு தடை போட வேண்டி வந்த காலத்தில் இருக்கிறோம். கண்ணுக்குப் பழக்கமில்லாத ஓர் எச்சத்துக்காக மருந்துப் புட்டியைத் திறப்பது நியாயமில்லை.

ஆறாவது வாரத்தை ஒட்டி இன்னொரு வேடிக்கை. எச்சத்தோடு சோப்பு நுரை போல வெள்ளை நுரை விழும். புதிதாக வளர்க்கத் தொடங்கியவர் திகைத்துப்போவார். சேவல் காடையின் எச்சவாய்க்கு மேலே இருக்கும் சுரப்பி தரும் நுரை அது. காடை பருவத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிறத்தைவிட எனக்கு நம்பிக்கை தருவது எச்சம் விழுந்திருக்கும் இடம். முதல் சில நாட்கள், குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரில் கூளத்தின் மேல் காகிதம் விரிக்கிறோம். காலையில் அந்தக் காகிதத்தை உருவிச் சுருட்டி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பல்புக்கு நேர் கீழே எச்சம் அடையடையாகக் கிடந்து ஓரம் சுத்தமாக இருந்தால், இரவெல்லாம் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று அண்டிக் கிடந்திருக்கின்றன. நள்ளிரவில் மின்சாரம் போயிருக்கலாம். நடுவில் ஒன்றுமில்லாமல் தடுப்போரமாக வட்டம் போட்டிருந்தால் சூடு அதிகம். எங்கும் பரவலாகச் சிதறியிருந்தால் வெப்பம் சரி. ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறதா என்று பாருங்கள். வெப்பமானி தொங்கும் இடத்தின் சூட்டைத்தான் அது சொல்லும். முதல் வாரம் 35 பாகைக்கு மேல் வைக்கச் சொல்கிறோமே, அது குஞ்சின் முதுகு மட்டத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதற்கு இந்தக் காகிதம்தான் சாட்சி.

குளிரோ அதிகச் சூடோ நீடித்தால் எச்சம் பின்புறத்து மயிரில் ஒட்டிக் காய்ந்து, துவாரத்தையே அடைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். பிய்த்தால் தோலோடு வரும். ஒரு குஞ்சுக்கு அப்படியானால் துடைத்துவிடுங்கள். பத்துக் குஞ்சுகளுக்கு அப்படியானால் புரூடரைத் திருத்துங்கள்.

பச்சை எச்சம் பெரும்பாலும் தீனி எடுக்காத குஞ்சின் பித்தம், ராணிக்கேட் நோயிலும் வரும். தண்ணீராகப் போவதற்குக் கோடை வெயிலும், தீனியில் கூடிப்போன உப்பும் காரணமாகலாம். ரத்தம் கலந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

எச்சம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். காடை நோய் என்றே பெயர் வாங்கிய குடற்புண் நோய் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் கோலினம் என்ற நுண்ணுயிரியால் வருவது. அமெரிக்காவின் பாப்ஒயிட் காடைக் குஞ்சுகளைச் சில நாட்களில் கூட்டத்தோடு அழிக்கக்கூடியது. சில நாள் தாக்குப்பிடிக்கும் பறவைகள் வெள்ளையாக, நீராகக் கழியும். ஆனால் கடுமையாகத் தாக்கப்பட்டவை சதைப்பிடிப்போடு, இரைப்பையில் தீனியோடு, எந்த அறிகுறியும் காட்டாமல் செத்துக் கிடக்கும். வயிற்றைத் திறந்து குடலில் புண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அந்த நோய் பரவுவதும் எச்சத்தின் வழியேதான். ஆகவே எச்சத்தைப் படிப்பவர் பிணப்பரிசோதனையைக் கைவிடக் கூடாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஓர் எச்சத்தை வைத்து ஒரு கூட்டத்தைத் தீர்மானிக்க முடியாது. ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஒருநாள் குறைவாகவும் மறுநாள் ஏராளமாகவும் வெளியேறும். பல இடங்களிலிருந்து, கூளம் ஒட்டாமல், அன்று விழுந்ததை எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும். முட்டைகள் தெரிந்தாலும், அவற்றின் எண்ணிக்கையோடு குஞ்சின் எடையையும் இறப்பையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். நோயுற்ற எச்சத்தின் படத்தைத் திரையில் காட்டும்போது, அதே வயதில், அதே தீனி தின்ற நலமான கூட்டத்தின் படத்தையும் பக்கத்தில் காட்டுங்கள். கைவசம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்; யாரிடம் இல்லை என்று தெரிந்தால், நாளை மாலை அமர்வில் எந்தப் பண்ணை எந்த வாரத்தைப் படம் எடுப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். பண்ணையாளர்கள் முன்வரிசையில் அமருங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.